தைராய்டு ஊசி சோதனை: கழுத்து வீங்கினா உஷார்!

தைராய்டு கட்டியில் மெல்லிய ஊசி குத்தி சோதனைக்கு எடுத்ததும், அந்த இடத்தை நர்சு பஞ்சு வைத்து அழுத்துவார். "போதும், விடுங்கம்மா" என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். அந்த அழுத்தம்தாங்க வைத்தியமே!

தைராய்டில் ரத்த ஓட்டம் அதிகம். ரத்தக் குழாயில் ஊசி பட்டால் உள்ளேயே கசியும். பெரும்பாலும் லேசான வீக்கம்தான். ஐஸ் ஒத்தடம் போதும், சில நாளில் வற்றிவிடும்.

அபூர்வமாக ரத்தக் குழாய்ச் சுவரில் ஓட்டை விழுந்து, நாடி மாதிரி துடிக்கும் வீக்கம் வரும். ஸ்கேன் பார்த்தபடியே, அந்தக் கருவியாலேயே அழுத்தி ஓட்டையை அடைக்கிறார்கள். கேட்காவிட்டால் ஆபரேஷன்.

வீக்கம் பெருகி மூச்சுத் திணறினால் விடியட்டும் என்று படுத்திருக்கக் கூடாது. மூச்சுக் குழாயே நசுங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்!

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லணும். இதய நோயாளிகள் தாங்களாக மாத்திரையை நிறுத்தினால் அது வேறு வம்பு.