சோதனைப் பதிப்புக்கு மாறுமுன்...



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கணிப்பொறியை அதற்காகத் தூக்கிப் போட மனம் வராமல் லினக்ஸின் பக்கம் திரும்பிய குடும்பங்கள் உண்டு. உங்கள் இல்லத்திலும் கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ டெபியன் லினக்ஸை நிறுவித் தந்திருக்கக்கூடும். சில வாரங்கள் சென்றபின் அதே பிள்ளை வந்து, "இதைவிடப் புதியது ஒன்று இருக்கிறது வாப்பா, சோதனைப் பதிப்புக்கு மாற்றிவிடட்டுமா?" என்று கேட்பதும் இயல்பே. கடைக் கணக்கும், திருமணப் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவோம்.

டெபியன் எந்த வணிக நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் என்னும் மாணவர் தம் பெயரையும் தம் தோழி டெப்ராவின் பெயரையும் இணைத்துத் தொடங்கிய பணி, இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் நடைபெறுகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதன் மீது எழுப்பப்பட்டதே.

இதில் மூன்று தட்டுகள் உள்ளன. முதலாவது நிலைப் பதிப்பு. 2025 ஆகஸ்டு 9இல் வெளியான டிரிக்ஸி எனப்படும் 13ஆம் பதிப்பு இவ்வகையினது. இரண்டாவது சோதனைப் பதிப்பு. டிரிக்ஸி வெளிவந்தபின் இது ஃபோர்க்கி என்று பெயர் பெற்றது. மூன்றாவது நிலையாப் பதிப்பு. இதன் பெயர் எக்காலத்தும் சிட் என்பதுதான். இப்பெயர்கள் யாவும் 'டாய் ஸ்டோரி' என்னும் கேலிச்சித்திரப் படவரிசையின் பாத்திரங்களுடையவை. 1995இல் வெளியான முதல் படத்தில் சிட் என்பவன் பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் அடுத்த வீட்டுச் சிறுவன். இதைவிடப் பொருத்தமாகப் பெயரிட முடியாது!

புதிய மென்பொருள் எதுவாயினும் முதலில் சிட்டுக்குள் நுழையும். அங்கே 2 முதல் 10 நாள்வரை தங்கி, கடும் பிழை எதுவும் தென்படாவிட்டால், சோதனைப் பதிப்புக்கு நகரும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைப் பதிப்பில் மாற்றங்களை நிறுத்தி, பிழைகளை மட்டும் களைந்து, அதையே அடுத்த நிலைப் பதிப்பாக அறிவிப்பார்கள்.

இந்தக் காத்திருப்பு வீண் சடங்கென்று எண்ணலாகாது. 2024 மார்ச் 29ஆம் நாள் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் ஒரு செய்தியை உலகுக்கு வெளியிட்டார். சிட் நிறுவப்பட்ட கணிப்பொறி ஒன்றில் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழையும் செயல் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்ததில், கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு ஒளித்துவைக்கப்பட்டிருந்தது! ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், ஈராண்டுக்கும் மேலாக நல்லவர் போல் உழைத்து நம்பிக்கை பெற்று, அதன்பின் செய்த வேலை அது. டெபியனின் சிட்டிலும் சோதனைப் பதிப்பிலும் அந்த நஞ்சு நுழைந்திருந்தது. ஃபெடோராவின் ராஹைடு என்னும் சோதனைத் தட்டிலும் அவ்வாறே. டெபியனின் நிலைப் பதிப்பை அது தொடவில்லை.

இதில் இரு பக்கமும் உண்டு என்பதைக் கவனியுங்கள். சோதனைத் தட்டுகளில் இருந்தோரே ஆபத்துக்கு ஆளாயினர். ஆயினும் அத்தட்டில் ஒருவர் விழிப்போடு இருந்ததால்தான் மற்றெல்லோரும் தப்பினர். உங்கள் பிள்ளைக்கு அத்தகைய கூர்மையும் ஆர்வமும் இருப்பின் தடுக்காதீர்கள். தனியாக ஒரு பழைய கணிப்பொறியைக் கொடுத்துவிடுங்கள். கடைக் கணக்கு இருக்கும் பெட்டியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பழைய பெட்டி 32 பிட் வகையாக இருந்தால் மட்டும் பயனில்லை. டிரிக்ஸி முதல் அவ்வகைக்கு நிறுவு நிரல் தரப்படுவதில்லை.

மாற்றும் முறை

முதல் வேலை, வேண்டிய கோப்புகள் யாவற்றையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அதைக் கழற்றித் தனியே வைப்பது. இதைச் செய்யாதவர் இதற்குமேல் படிக்கத் தேவையில்லை.

நேராகச் சோதனைப் பதிப்பை நிறுவுவதைக் காட்டிலும், நிலைப் பதிப்பை நிறுவி அங்கிருந்து ஏறுவது எளிது. நிலைப் பதிப்பில் உள்ள மென்பொருள்களை முதலில் முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பின்னர், மென்பொருள்கள் எங்கிருந்து வரவேண்டும் என்று குறிக்கும் மூலப் பட்டியல் கோப்பைத் திறந்து, டிரிக்ஸி என்று உள்ள இடங்களில் ஃபோர்க்கி என்று மாற்ற வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பதிப்பின் பெயரை எழுதினால், நாளை அது நிலைப் பதிப்பாகும்போது நீங்களும் அதனோடு அமைதியான கரைக்கு வந்து சேர்வீர்கள். பெயருக்குப் பதில் 'டெஸ்டிங்' என்ற பொதுச்சொல்லை எழுதினாலோ, அந்நாளில் உங்களை அறியாமலே அடுத்த சோதனைப் பதிப்புக்குள் இழுத்துச் செல்லப்படுவீர்கள். குடும்பக் கணிப்பொறிக்குப் பெயர் எழுதுவதே நலம். சிட்டுக்குச் செல்வோர் பாதுகாப்புக்கான தனி வரிகளை நீக்கிவிட வேண்டும். அங்கே அப்படியொரு தனி ஏற்பாடு கிடையாது.

அடுத்து 'ஏபிடி அப்டேட்' என்னும் கட்டளை. பிறகு 'ஏபிடி அப்கிரேட்'. அதன்பின் 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்'. இரண்டாவது கட்டளை எதையும் நீக்காது. மூன்றாவது, தேவையெனில் பழையவற்றை நீக்கும். ஆகவே அது காட்டும் நீக்கப் பட்டியலை வரிவரியாகப் படித்தபின்பே சம்மதம் தெரிவியுங்கள். 2038ஆம் ஆண்டில் 32 பிட் கணிப்பொறிகளின் நாள்கணக்கு தவறிவிடாதிருக்க, 2024இல் சிட்டில் ஏராளமான மென்பொருள்களை ஒருசேர மாற்றி அமைத்தார்கள். அவ்வேலை முடியும்வரை, இக்கட்டளையைக் கொடுத்தவர்களுக்கு நீண்ட நீக்கப் பட்டியல்கள் வந்தன. படிக்காமல் 'ஆம்' என்றவர் திரையில் சாளரமே இல்லாமல் நின்றிருப்பார். அப்படிப் பட்டியல் நீளும் நாளில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுச் சில நாள் பொறுப்பதே வழி.

இடையில் மின்சாரம் போய்விட்டால்? மடிக்கணினியாயின் மின்கலம் காக்கும். மேசைக் கணினியாயின் யுபிஎஸ் இன்றித் தொடங்க வேண்டாம். பாதியில் நின்றுபோனால் மீண்டும் இயக்கி, 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளையால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'ஏபிடி-லிஸ்ட்பக்ஸ்' என்னும் சிறு மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு புதிய பதிப்பில் கடும் பிழை பதிவாகியிருந்தால், அது உள்ளே வருமுன் எச்சரிக்கும்.

திரும்பி வரும் வழியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வழி இல்லை. மேலே ஏறிய மென்பொருள்களைக் கீழே இறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. நிலைப் பதிப்பே வேண்டுமென்றால், வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவி, வெளி வட்டிலிருக்கும் நகலைத் திரும்ப ஏற்ற வேண்டியதுதான். அப்படி நிறுவும்போது வரைகலை முறையைத் தேர்ந்தெடுத்தால், மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கும். கேள்விகள் தமிழிலேயே வருவதால் வீட்டிலுள்ள பெரியவர்களும் அருகில் அமர்ந்து படித்துப் பார்க்கலாம்.