நடக்கச் சொன்னேன்... எங்கே நடப்பது?

மூட்டுவலியோடு வருகிறவர்களுக்கு மருந்தோடு சேர்த்து ‘தினமும் அரை மணி நேரம் நடங்கள்’ என்று சொல்வது என் வழக்கம். அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். ஓய்வு பெற்ற ஆசிரியை. சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்று நாங்கள் சொல்லும் முழங்கால் தேய்மானம் அவருக்கு. ஒரு மாதம் கழித்து வந்தபோது மணிக்கட்டில் மாவுக்கட்டு!

“நடக்கச் சொன்னீங்களே டாக்டர், நடந்தேன். பிளாட்பாரம் முழங்கால் உசரத்துக்கு இருக்கு. ஏற முடியலை. ரோட்டோரமா போனேன். பின்னாடி பைக் வந்துச்சு, ஒதுங்கினேன், விழுந்துட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நடக்கச் சொன்னவன், நடக்க இடமிருக்கிறதா என்று கேட்கவில்லையே!

கீழே விழுந்தவரை ‘பார்த்துப் போகக் கூடாதா?’ என்கிறோம். அந்தச் சாலையை யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்று கேட்பதில்லை. இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த விதிமுறைப்படி நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். வலிக்கிற முழங்காலால் 15 சென்டிமீட்டர் ஏறலாம். அதைப் போல் இரண்டு மடங்கு என்றால் அவர் சாலையில்தான் இறங்குவார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாயும், சக்கர நாற்காலிக்காரரும் அப்படித்தான்.

சிக்னலையும் பாருங்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரைக் கணக்கில் வைத்து நேரம் ஒதுக்குவது பொதுவான வழக்கம். 20 மீட்டர் சாலையை அவர் 17 விநாடியில் கடப்பார். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் என் நோயாளிக்கு 25 விநாடி ஆகும். பாக்கி 8 விநாடி அவர் நடுரோட்டில்! நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

வேகம் இன்னொரு விஷயம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 60-இல் வந்தால், மோதும் சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதனால்தான் கடக்கும் இடத்தில் சாலையையே சற்று உயர்த்திப் போடுவதும், வளைவுகளைக் குறுக்குவதும். போர்டு வைத்தால் யார் மெதுவாகப் போகிறார்கள்?

சென்னை மாநகராட்சி இதற்கென 2014-இல் ஒரு கொள்கையே வகுத்தது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்றது அது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் என் நோயாளிகள் தினமும் பாண்டி பஜாருக்கா போகிறார்கள்? ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் போகிற தெருவல்லவா முதலில் சரியாக வேண்டும்!

இதில் நம் பங்கும் உண்டு. கார் ஏறுவதற்காக நடைபாதை மேல் சிமென்ட் சரிவு போடுவதும், பூந்தொட்டி வைப்பதும், வண்டியை நிறுத்துவதும் யார்? (என் கிளினிக் வாசலிலும் ஒரு சரிவு இருந்தது. இடித்துவிட்டேன்.)

அந்த அம்மாவுக்கு எலும்பு கூடிவிட்டது. இப்போது மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறார். காய்கறி வாங்க மட்டும் கணவர்தான் போகிறார். “தெருவில இறங்கவே கை நடுங்குது டாக்டர்” என்கிறார்.