தீராத சளியும் அசையாத இழைகளும்

மாதம் நிறைந்து பிறந்த குழந்தைதான். ஆனாலும் முதல் நாளிலேயே மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கடைப்பு விடவில்லை. கோடையோ மழையோ, நெஞ்சில் சளி கரகரத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மருத்துவர் ‘வீசிங்’ என்கிறார். இன்னொருவர் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’, அதாவது குழந்தைகளின் காசநோய், என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதுகிறார். ஒருநாள் எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிகிறது. படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்களோ என்று மறுபடி பார்க்கிறார்கள். படம் சரிதான்.

பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா, சுருக்கமாக பி.சி.டி., என்ற பரம்பரை நோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடவலம் மாறியிருக்கும். மீதிப் பேருக்கு அந்தத் துப்பும் கிடைப்பதில்லை. அவர்களில் பலர் ஆஸ்துமா நோயாளிகளாகவே வளர்ந்துவிடுகிறார்கள்.

இந்த நோயில் பழுதாவது மூச்சுப் பாதையின் நுண்ணிழைகள். அதன் உட்சுவரில் உள்ள ஒரு செல்லின் தலையில் சுமார் 200 குறுயிழைகள், அதாவது சிலியா, நிற்கின்றன. காற்றில் நாற்றங்கால் அலையடிப்பது போல நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு தொண்டைக்குத் தள்ளுகின்றன. இழைக்குள் புரதம் செய்ய வசதி கிடையாது. ஒவ்வொரு துண்டும் கீழே செல்லில் தயாராகி மேலே ஏறி, நுனியில் பொருந்த வேண்டும்; சித்தாள் கல் சுமந்து சாரம் ஏறுவது போலத்தான். இந்தப் போக்குவரத்தைக் கண்டறிந்து 1993இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஜோயல் ரோசன்பாமின் ஆய்வகம் வெளியிட்டது. அவர்கள் அதைக் கண்டது கிளாமிடோமோனாஸ் என்ற பாசியின் வாலில்!

இழையை அசைப்பவை டைனீன் என்னும் புரதக் ‘கைகள்’. அவற்றைச் செல்லுக்குள் முன்கூட்டியே கோத்து, பிறகு மேலே அனுப்ப வேண்டும். கோக்கும் வேலையில் பழுது வந்தால் இழை வளர்ந்து நிற்கும், அசையாது. சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 1976இல் எழுதியது இதைத்தான்: கைகளே இல்லாத இழைகள். இன்று 50க்கும் மேற்பட்ட மரபணுக்களின் பழுது இந்த நோய்க்குக் காரணமாகத் தெரியவந்திருக்கிறது.

பெரும்பாலும் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று எனப் பழுதான இரண்டு பிரதிகள் சேரும்போதே நோய் வருகிறது. பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவில் பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வழக்கத்தில் உள்ள தமிழ்நாட்டில் இதைக் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும். பழுது இருவர் வழியிலும் வருகிறது என்பதை, மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் கட்டாயம் அறிய வேண்டும். அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சிதையும். காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும், பேச்சும் பிந்தும். அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தினசரி நெஞ்சுப் பிசியோதெரபி, சளியைப் பரிசோதித்துத் தரும் ஆன்டிபயாட்டிக், தடுப்பூசிகள், காது பரிசோதனை ஆகியவை நுரையீரலைக் காக்கும். இருமலை அடக்கும் சிரப்பை மட்டும் கடையில் வாங்கி ஊற்றாதீர்கள். இழைகள் அசையாத குழந்தைக்குச் சளியை வெளியேற்ற மிஞ்சியிருப்பதே இருமல்தான்.

‘மரபணு நோய்’ என்ற ஒரே காரணத்தைக் காட்டி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மரபணு நோய்களைப் பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் வகுத்த விதி. முதலில் நிறுவனத்திடமே புகார் தர வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

நோயைக் கண்டறியப் பழைய மருத்துவப் பதிவேடுகளும் தேவைப்படும். அவற்றைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். அதே விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். சந்தேகம் வரும்போது குழந்தைக்கு நான்கு வயது ஆகியிருந்தால், பிறந்த அன்று ஆக்சிஜன் வைத்த குறிப்பு மருத்துவமனையில் இல்லாமல் போகலாம். நுரையீரல் நிபுணர் முதலில் கேட்கக்கூடிய தாள் அது. இன்றே நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.