ஊருக்கு ஓர் இதழ்: தொடங்குமுன் யோசிக்க வேண்டியவை

இதழ் நடத்தும் ஆசை நம் இளைஞர்களிடம் குறையவில்லை. முதல் இதழ் வெளியீட்டு விழாவோடு வருகிறது. பொன்னாடை போர்த்துகிறார்கள், முதற் பிரதியை ஊர்த் தனவந்தர் ஒருவர் வாங்குகிறார். இரண்டாவது இதழ் எட்டு மாதம் கழித்து வருகிறது. மூன்றாவது வருவதில்லை. கேட்டால், "காசில்ல, என்ன செய்யிற?" என்பார்கள். காசு ஒரு காரணம்தான். ஆனால் பல இதழ்கள் நின்றுபோனது, முதல் இதழுக்கு மட்டுமே திட்டம் போட்டதால். அச்சிலோ, இணையத்திலோ, எதில் தொடங்கினாலும் நிலைமை இதுதான்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி: யாருக்காக, எதற்காக? அறிஞர் எம். சி. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையைக் கண்டியிலிருந்து தொடங்கியது 1882 டிசம்பர் 21 இல். அவர் சட்டத்தரணி. முஸ்லிம் பிள்ளைகள் நவீன கல்வியைப் பெற வேண்டும் என்பதே அவருடைய இலட்சியம். அதைச் சொல்லும் கருவியாகவே பத்திரிகை வந்தது. அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட அறபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். அவரைப் பற்றி அறியச் சமூகம் துடித்த நேரத்தில் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. இலட்சியம் ஒரு பக்கம், வாசகரின் அன்றாட ஆவல் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இதழுக்கு உயிர்.

இன்று எங்கட ஊர்களில் அப்படிச் சந்திக்கும் இடம் எது? ஊரின் நினைவு என்பேன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். உறுதிகள், போட்டோக்கள், கிதாபுகள் எல்லாம் வீடுகளிலேயே நின்றுவிட்டன. 2004 டிசம்பர் 26 இல் கிழக்குக் கரையோரத்தில் கடல் அலுமாரிகளோடு கொண்டுபோனது. எழுத்தில் போனதை வாய்மொழியாக வைத்திருப்பவர்கள் மூத்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். கவிதைக்கும் கதைக்கும் களங்கள் உண்டு. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முதல் ஆசிரியை யார் என்பதை வேறு எந்த இதழும் தேடிப் போகாது.

அடுத்தது சரக்கு. 32 பக்கக் காலாண்டிதழ் என்று வையுங்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டரைப் பக்கம் என்றால் இதழுக்குப் பன்னிரண்டு ஆக்கம் வேண்டும், வருடத்துக்கு 48. ஒரு தாளை எடுத்து 48 தலைப்பையும், எதிரே எழுதப்போகிறவரின் பெயரையும் எழுதிப் பாருங்கள். முப்பதாவது தலைப்பில் பேனா நின்றால் 32 பக்கத்தை 16 ஆக்குங்கள். அச்சகத்தில் பக்கங்கள் 8, 16 என்ற மடிப்புக் கணக்கில் போகும் என்பதால் 16 வசதியான அளவு. மூன்று இதழுக்கான ஆக்கங்கள் கையில் சேரும் வரை முதல் இதழை வெளியிட வேண்டாம்.

ஊர் வரலாற்றுக்கு மூலங்கள் நம் காலடியிலேயே கிடக்கின்றன: பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகம், பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், விவாகப் பதிவுகள், காணி உறுதிகள், மையவாடி மீஸான் கற்கள். பொறுப்பானவர்களின் அனுமதியோடு பார்க்க வேண்டும். மீஸானில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் கவனம் தேவை. ஹிஜ்ரி 1300, 1882 நவம்பரில் தொடங்கி 1883 நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. மாதம் தெரியாவிட்டால் 1882/83 என்று எழுதுவதே நேர்மை.

மூத்தவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "வெள்ளம் வந்ததுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். கிழக்கில் 1957 டிசம்பர் வெள்ளமும் 1978 நவம்பர் 23 சூறாவளியும் யாரும் மறக்காத எல்லைக் கற்கள். "சூறாவளி நேரம் மூத்தவள் வயித்துல" என்று ஒரு உம்மா சொன்னால் அது ஒரு திகதிதான். அதே சம்பவத்தை இன்னொருவரிடமும் கேட்ட பிறகே அச்சேற்ற வேண்டும். குடும்பப் படங்களைப் போடுமுன் குடும்பத்தாரிடம் கேட்பது அவசியம். நம் சமூகத்தில் ஒரு படத்தால் வந்த மனஸ்தாபம் பத்து வருஷம் நிற்கும். மறைந்த எழுத்தாளரின் ஆக்கத்தை மறுபிரசுரம் செய்வதற்கும் வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பொதுவாக நீடிக்கும்.

இனிக் காசு. ஓப்செற் அச்சில் தட்டுச் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் 'கூட அடிச்சால் மலிவு' என்று அச்சகத்தார் சொல்வது உண்மை. ஆனால் விற்காமல் அறையில் அடுக்கியிருக்கும் ஐந்நூறு பிரதி மலிவல்ல. முதலில் சந்தாவைச் சேர்த்து, அந்த எண்ணிக்கைக்குச் சற்று மேலே அடியுங்கள். சிறு எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சே போதும். விற்பனைக்கு முன்மாதிரி டொமினிக் ஜீவா. 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை'யைக் கையில் சுமந்து, வீதியில் ஆட்களைச் சந்தித்து விற்றார். அந்த இதழ் 2012 வரை வந்தது. வாசகரை நேரில் தெரிந்த ஆசிரியருக்கு, எந்தப் பக்கம் வாசிக்கப்படுகிறது என்பதும் தெரியும்.

சட்ட ஒழுங்குகளையும் தள்ளிப்போடக் கூடாது. நம் நாட்டில் பத்திரிகைகள், சஞ்சிகைகளைப் பதிவு செய்யும் இடம் தேசிய சுவடிகள் திணைக்களம். தொடர் வெளியீட்டுக்கான ஐ.எஸ்.எஸ்.என். இலக்கத்தைத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் பெறலாம். அந்த இலக்கம் இருந்தால் நாளை ஓர் ஆய்வாளர் உங்கள் இதழை மேற்கோள் காட்டுவது இலகு.

கடைசியாகப் பாதுகாப்பு. நம் தட்டச்சாளர்கள் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது, புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். தேடவும் முடியாது. எல்லாவற்றையும் யுனிகோட்டில் மாற்றி ஒரு பிரதி வையுங்கள். இணையத்தில் மட்டும் வெளியிடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: யாஹூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் சேவையை 2009 இல் மூடியபோது இலட்சக்கணக்கான பக்கங்கள் இருந்த இடத்தில் இல்லாமற் போயின. இரவல் வீட்டில் இருப்பவர் பெட்டியைக் கட்டியே வைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் இதழையும் பீ.டி.எஃப். ஆக்கி, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். ஊர்ப் பொது நூலகத்திலும் பாடசாலையிலும் அச்சுப் பிரதி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் இதழ் நின்றுபோகலாம். அது கேவலமல்ல. பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பில் 'ஆலமத் லங்காபுரி' என்ற மலாய்மொழிப் பத்திரிகையைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1895 இல் 'வாஜா ஸைலோன்' என்ற இன்னொன்றோடு மீண்டும் வந்தார். இலங்கை மலாயர் வரலாற்றை எழுத வருபவர்கள் இன்று அந்தப் பக்கங்களைத்தான் தேடுகிறார்கள். எத்தனை இதழ் வந்தது என்பதை விட, வந்த இதழில் என்ன பதிந்தது, அது எங்கே பாதுகாக்கப்பட்டது என்பதே பெரிது.

ஆகவே தொடங்க நினைப்பவர்கள் பெயர் தேடுவதையும் அட்டைப்படம் வரைவதையும் பிறகு பார்க்கலாம். ஊரில் ஹயாத்தோடு இருக்கும் ஆக மூத்த ஐந்து பேரின் பட்டியலை இந்தக் கிழமையே போடுங்கள். போனில் குரலைப் பதியச் சம்மதம் கேளுங்கள். அந்த ஐந்து பதிவும் எழுத்தான பிறகு அச்சகத்துக்குப் போங்கள். முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் இரண்டாவது இதழ் வரும் திகதியையும் அச்சிட்டுவிடுங்கள். பிறகு ஊர் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.