கையேடு சொல்லும் எண்ணெய்

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை சீர்குலையும் என்பதை, பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் நடத்திய அந்தப் பாடத்துக்கு இன்று வேறோர் எடுத்துக்காட்டு கேட்டால், என்ஜின் ஆயிலைச் சொல்வேன்.

நடுத்தரக் குடும்பங்கள் கடன் பெற்று வாங்கும் வாகனமாகக் காம்பாக்ட் எஸ்யூவி மாறிவிட்டது. நீளம் 4 மீட்டருக்குள்ளும், என்ஜின் பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி என்ற வரம்புக்குள்ளும் இருந்தால் வரி குறைவு. எனவே, நிறுவனங்கள் பல சிறிய என்ஜினில் டர்போவைப் பொருத்தி ஆற்றலைக் கூட்டுகின்றன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடிய அந்த டர்போவைத் தேயாமல் காப்பதும் என்ஜினில் ஊற்றும் எண்ணெய்தான்.

இந்நிலையில், 'நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது' என்று பணிமனையில் கூறுவதை நானே கேட்டிருக்கிறேன். '5டபிள்யூ-30' என்பதில் முதல் எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். எண் குறைந்தால் ஓட்டம் எளிது. இரண்டாவது எண், சூடேறிய என்ஜினில், அதாவது 100 டிகிரி செல்சியஸில், அதன் பாகுத்தன்மையைக் காட்டும். சென்னையானாலும் உதகையானாலும், சூடேறிய என்ஜினின் வெப்பநிலையைக் குளிர்விப்பு அமைப்பு ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கிறது. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் உராய்வைக் கூட்டி எரிபொருளை வீணாக்கும். தேவையைவிட நீர்த்த எண்ணெய் தேய்மானத்தைக் கூட்டும். தட்பவெப்பத்துக்கேற்ற மாற்றுத் தரம் உண்டெனில், அதையும் உரிமையாளர் கையேடே குறிப்பிடும்.

விலை கூடியதே சிறந்தது என்பதும் சரியன்று. நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ பெட்ரோல் என்ஜின்களில், குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் சிக்கல் உண்டு. அதைத் தடுக்கும் சோதனைகளை உள்ளடக்கியது 2020-இல் நடைமுறைக்கு வந்த 'ஏபிஐ எஸ்பி' தரம். புகைத்துகள் வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசல் வாகனத்துக்கோ சாம்பல் குறைந்த எண்ணெய் தேவை. இல்லையேல் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவுக்கு முன் எண்ணெயில் மிச்சப்படுத்திய தொகை அற்பம்.

பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு வழங்கியுள்ளது. கையேட்டில் உள்ள பாகுத்தன்மை எண், தரக்குறியீடு, கொள்ளளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். முத்திரையிட்ட கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றிய எண்ணெயின் பெயரையும் தரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தில் என்ஜின் பழுதானால், உங்கள் பக்கம் பேச அந்த ரசீது இருக்கும்.