மூன்றாம் சிலிண்டரின் சூடு

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம், எந்த வால்வு முதலில் கருகும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. நான்கு சிலிண்டரும் ஒரே அளவு, ஒரே உலோகம். நான்குக்கும் பெட்ரோல் வருவதும் ஒரே கார்புரேட்டரிலிருந்து. அப்புறம் ஏன் அது மட்டும்?

காரணம் அதன் தலைக்கு மேலே இருக்கிறது. இந்த எஞ்சினில் ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. காரின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டாகச் சிலிண்டர்கள் படுத்திருக்கும். அவற்றின் மேல் ஒரு தகரக் கூட்டுக்குள் சுழலும் ஃபேன் காற்றைக் கீழே தள்ளும். புல்லட் மோட்டார் சைக்கிளில் நாம் பார்க்கிற மாதிரியான செதில்களுக்கு நடுவே புகுந்து, அந்தக் காற்று சூட்டை வாரிக்கொண்டு போகும். ஆயில் கூலரையும் அதே கூட்டுக்குள் நிற்க வைத்திருந்தார்கள். கூலரைக் கடந்து வந்த வெதுவெதுப்பான காற்றுதான் அதற்குக் கீழே இருந்த மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைத்தது. நிறுவனம் இதற்கு முதலில் பார்த்த வைத்தியம் வேடிக்கையானது: அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்பார்க் சில டிகிரி தாமதமாக விழும்படி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏற்பாடு செய்தார்கள். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்து, அதன் சூடான காற்று தனி வழியில் வெளியேறும்படி மாற்றினார்கள்.

கூலரின் இடத்தில் வந்த கோளாறுக்கு ஸ்பார்க்கில் பரிகாரம். காற்றால் குளிரும் எஞ்சினில் ஆயில், பெட்ரோல், ஸ்பார்க் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் அது பலித்தது. எஞ்சினை மாற்றியமைக்கிறவர்கள் இந்த முடிச்சில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1930களில் ஃபிரான்ஸ் ரைம்ஷ்பீஸ் வடிவமைத்தபோது இது 985 சிசி எஞ்சின். படிப்படியாக வளர்ந்து 1,584 சிசியில் நின்றது. அப்போது அதன் சக்தி சுமார் 50 குதிரைத்திறன். 1960களில் கலிபோர்னியாவில் பீட்டிலைப் பந்தயக் காராக்கும் மோகம் பிறந்தது. இன்றும் பலர் செய்வது, 85.5 மி.மீ. பிஸ்டனை எடுத்துவிட்டு 94 மி.மீ. பிஸ்டன் போடுவது. 69 மி.மீ. ஸ்ட்ரோக் மாறாமலே கொள்ளளவு 1,915 சிசி ஆகிவிடும். இரட்டை கார்புரேட்டரும் நல்ல கேம்ஷாஃப்டும் சேர்ந்தால் பழைய சக்தியைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும். எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போக, இன்னொரு பகுதி உலோகத்தில் இறங்குகிறது. சக்தி இரட்டித்தாலும் ஃபேன் அதே பழைய ஃபேன்தான்.

அந்தச் சூட்டுச் சுமையில் ஒரு நல்ல பகுதி வந்து விழுவது இரண்டரை லிட்டர் ஆயிலின் மேல். அது பிஸ்டனின் அடிவயிற்றில் தெறிக்கிறது, வால்வு ஸ்பிரிங்குகளை நனைக்கிறது. பிறகு சிலிண்டர்களுக்குக் கீழே, வெந்த காற்று வெளியேறும் பாதையிலேயே, புஷ்ராடு குழாய்கள் வழியாக அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வழிந்து திரும்புகிறது. தண்ணீர் இல்லாத காரில் தண்ணீரின் வேலையில் ஒரு பகுதியை ஆயில்தான் பார்க்கிறது.

சூடேறினால் ஆயில் இளகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் எவ்வளவு என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். 40 டிகிரி செல்சியஸில் இருந்த பிசுபிசுப்பில், 100 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எஸ்ஏஇ 30 ஆயிலில் மிஞ்சும். இதோடு பீட்டிலுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதன் கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவை. சூட்டில் அது இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். ஆயில் நீர்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பேரிங்கைச் சுற்றிய பிடியும் தளர்வதால், ஆயில் பிரஷர் இரண்டு பக்கமும் அடி வாங்கிச் சரிகிறது. ஆயிலின் சூடு 90 முதல் 110 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. 120ஐத் தாண்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது நல்லது.

ஆயில் சூட்டைக் காட்டும் முள் ஏறியதும் பலரும் முதலில் வாங்குவது பெரிய ஆயில் கூலர். காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு மருந்தை மறந்த கதைதான். சூடு பிறப்பது எரியறையில். அங்கே நடப்பதை ஸ்பார்க் பிளக்கின் அடியில் மாட்டும் வளைய சென்சார் சில நொடிகளில் காட்டிவிடும். ஆயில் முள்ளோ மெதுவாகத்தான் ஏறும். அது ஓரிடத்தில் நிலைக்க, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். சக்தியை அளக்கும் டைனோ மேடையில் ஒரு நிமிடம் முழு ஆக்சிலரேட்டரில் உறுமவிட்டு "எல்லாம் சரி" என்று அனுப்பிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எரியறையில் முதலில் பார்க்க வேண்டியது கலவை. பெட்ரோல் முழுக்க எரிய, எடைக் கணக்கில் அதைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். ஆனால் முழு ஆக்சிலரேட்டரில் டியூனிங் செய்கிறவர்கள் 12.5, 13 என்று பெட்ரோலைக் கூட்டி, ரிச்சாக வைப்பார்கள். உபரிப் பெட்ரோல் ஆவியாகும்போது எரியறையைக் கொஞ்சம் குளிர்விக்கும். இதைத் தீர்மானிப்பது ஒரு சின்னப் பித்தளை ஜெட். வெபர் கார்புரேட்டரின் ஜெட்டில் 130 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.30 மி.மீ. அதைக் கழற்றி 135 போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. துளையின் பரப்போ 8 சதவீதம் கூடியிருக்கும். அளவு மீறி ரிச்சானாலும் ஆபத்துதான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவி, சம்பில் கலந்து, சூடே இல்லாமல் ஆயிலை நீர்க்க வைத்துவிடும்.

ஸ்பார்க் டைமிங்கும் இப்படித்தான். ரொம்ப முன்னால் விழுந்தால், மேலேறி வரும் பிஸ்டனுக்கு எதிராகவே அழுத்தம் எகிறி 'நாக்' அடிக்கும், சிலிண்டர் ஹெட் கொதிக்கும். ரொம்பத் தாமதித்தால் எரிந்து முடியாத வாயு எக்ஸாஸ்ட் வால்வை நக்கிக்கொண்டு வெளியேறும். வேகமாகச் சுற்றும்போது, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு மொத்தம் 28 முதல் 32 டிகிரி முன்னால் ஸ்பார்க் விழுவதுதான் இந்த எஞ்சினுக்கு வழக்கமாக ஒத்துப்போகிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு குறையாத கார்கள் உண்டு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் ஒரு ரப்பர் பீடிங். எஞ்சினைச் சுற்றிய தகரங்களும் அந்த பீடிங்கும் மேலே உள்ள குளிர்ந்த காற்றையும் கீழே உள்ள சூடான காற்றையும் பிரிக்கின்றன. அழகுக்காகத் தகரங்களைக் கழற்றி வீசிவிட்டால், கீழே தள்ளிய வெந்த காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். பளபளக்கும் குரோம் மூடிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்: தகரத்துக்குச் செலவு செய்யாத காசு இங்கே போயிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு கூடுதல் கூலர் போடலாம், ஆனால் தெர்மோஸ்டாட்டோடு. ஆயில் சுமார் 80 டிகிரிக்கு வரும்வரை அது கூலருக்கு வழி விடாது. எரிதலில் பிறக்கும் நீராவியில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். தெர்மோஸ்டாட் இல்லாத பெரிய கூலரோடு குளிர்காலத்தில் கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் காரில், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரு பசை அப்பியிருக்கும்.