உஷார்! அந்த நட்டு எதிர்ப்பக்கம் சுற்றும்

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி வேகிற நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஸ்பேனரும் கையுமாக டாய்லெட்டுக்குள் போனேன். அப்பா காலத்துப் பீங்கான் ஃப்ளஷ் டேங்க். கைப்பிடி உடைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே இருந்த நட்டு அசைய மறுத்தது. கொஞ்சம் பலம் கொடுத்தேன். ‘டிக்’ என்றது. அப்பாடா, கழன்றுவிட்டது என்று கையை எடுத்தேன்.

நட்டு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. டேங்க்கின் முகப்பில், கைப்பிடித் துளையிலிருந்து அடிவரை தலைமுடி மாதிரி ஒரு கோடு. தண்ணீரைத் திறந்ததும் அந்தக் கோடு நெடுக வியர்வை போல அரும்பியது. அந்தப் பழைய மாடலுக்குப் பொருந்துகிற டேங்க் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் கோப்பையோடு சேர்த்து மாற்றினேன். எல்லாம் சில நூறு ரூபாய் கைப்பிடிக்காக!

உங்கள் வீட்டிலும் பழைய பீங்கான் டேங்க் இருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மரை தலைகீழ்!

டேபிள் ஃபேன் இறக்கையைக் கழற்றியவர்களுக்கும், சைக்கிளின் இடது பெடலோடு மல்லுக்கட்டியவர்களுக்கும் இந்தச் சமாச்சாரம் தெரிந்திருக்கும். சில மரைகள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. ஃப்ளஷ் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டும் பெரும்பாலும் அந்த ஜாதிதான். தினமும் பத்து இருபது முறை அழுத்துகிற கைப்பிடி, அழுத்த அழுத்த நட்டைத் தளர்த்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இது தெரியாமல் வழக்கமான திசையில் கழற்றப் போகிறவர், உண்மையில் நட்டை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருப்பார். பீங்கான் வளையாது, நெளியாது. தாங்குகிற வரை தாங்கும், பிறகு ‘டிக்’.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாம் டேங்க்குக்கு முன்னால் நிற்கிறோம்; நட்டு நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறது. கடிகார முள் கணக்கு இங்கே ஏமாற்றிவிடும். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கைப்பிடி டேங்க்கின் முன்பக்கம் இருந்தால், ஸ்பேனரின் வால் மேலே பார்த்து நிற்கும்படி நட்டில் மாட்டுங்கள். எதிர்மரை நட்டு என்றால், வாலை உங்கள் இடதுபுறம் தள்ளினால் தளரும், வலதுபுறம் தள்ளினால் இறுகும்.

எல்லா டேங்க்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதலில் டார்ச் அடித்து மரை சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பாருங்கள். மெல்ல முயன்று பாருங்கள். மணிக்கட்டு பலத்துக்கு அசையாத நட்டுக்குத் தோள்பலம் கொடுக்காதீர்கள். சுத்தியல் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஆசிட் ஊற்றாதீர்கள்!

போர் தண்ணீர் ஊர்களில் நட்டின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கெட்டிப்பட்டிருக்கும். உடனே நம் கை போவது பாத்ரூம் மூலையில் இருக்கும் ஆசிட் பாட்டிலுக்கு. வேண்டாம். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கும் டாய்லெட்டில் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னது, கதவு சாத்தியது, குனிந்த முகம். நுரையீரலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. கொதிக்கிற வெந்நீரும் வேண்டாம். குளிர்ந்த பீங்கானில் பட்டால் அந்த அதிர்ச்சியிலேயே விரிசல் விடும்.

வெள்ளை வினிகரில் துணியை நனைத்து நட்டைச் சுற்றி ஓரிரு மணி நேரம் கட்டிவையுங்கள். அதற்கும் மசியவில்லையா? நட்டோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, கைப்பிடியின் தண்டை ஆக்ஸா பிளேடால் நிதானமாக அறுத்துவிடுங்கள். எப்படியும் தூக்கி எறியப்போகிற கைப்பிடிதானே!

முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள்

வேலையைத் தொடங்கும்போது டேங்க்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை மூடச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இருபது வருஷமாக யாரும் தொடாத ஆங்கிள் காக்? திருகுகிற வேகத்தில் அது கையோடு வந்துவிடும். சுவருக்குள் இருப்பது துருப்பிடித்த பழைய ஜிஐ பைப் என்றால், மரையே உள்ளே முறிந்து நிற்கும். அப்புறம் மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் முழுவதும் உங்கள் டாய்லெட் வழியாகத்தான் இறங்கும்.

ஆகவே மாடியில் கேட் வால்வு எது, அது ஒழுங்காக மூடுகிறதா என்று முதலில் பார்த்து வையுங்கள். அடுக்குமாடி என்றால் மற்ற வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதி சோப்போடு நிற்கும் மேல்வீட்டு மாமாவின் சாபம் பொல்லாதது.

மூடியும் கத்திதான்

டேங்க் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ஈரத் தரையில் அது வழுக்கி விழுந்தால் உடைகிற பீங்கான் விளிம்பு பிளேடு போல வெட்டும். தையல் போடுகிற அளவுக்குக் காயம் ஆகும். டாய்லெட்டுக்கு வெளியே, மடித்த சாக்கு மேல் படுக்கவையுங்கள். மூடி உடைந்துபோனால் டேங்க்கைத் திறந்து போடாதீர்கள். அசையாத நல்ல தண்ணீர் என்றால் டெங்கு கொசுவுக்குக் கொண்டாட்டம். வெயில் காலத்தில் ஏழெட்டு நாளிலேயே முட்டை கொசுவாகிவிடும்.

டேங்க்கில் ஏற்கெனவே விரிசல் தெரிந்தால் எம்-சீல் பூசி ஒப்பேற்றாதீர்கள். பழைய டேங்க்கில் பத்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். பத்து கிலோ எடை அந்த விரிசலை இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அது பிளக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கலாம்.

கட்டுக்கம்பியும் கயிறும்

‘மாற்றவே வேண்டாம், ஒரு கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம்’ என்கிற கட்சியா நீங்கள்? கயிறு கொஞ்சம் இறுகினாலும் அடியில் இருக்கும் ரப்பர் மூடி முழுசாக உட்காராது. தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாள் முடிவதற்குள் காலி. மோட்டார் ஏன் அடிக்கடி ஓடுகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.

புதுக் கைப்பிடி வாங்கப் போகும்போது பழசைக் கையோடு கொண்டுபோங்கள். முன்பக்கக் கைப்பிடியும் பக்கவாட்டுக் கைப்பிடியும் வேறு வேறு. துளையின் அளவும் உள்ளே நீளும் கையின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். மாட்டும்போது நட்டை விரலால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்று போதும். சங்கிலி வைத்த டேங்க் என்றால் சங்கிலியில் ஒரு சென்டிமீட்டர் தொய்வு இருக்கட்டும். உள்கை, மிதவைப் பந்திலும் மூடியிலும் இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் டேங்க் தண்ணீரில் நாலு சொட்டு துணி நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பைத் தண்ணீர் நீலமானால் ரப்பர் மூடி ஒழுகுகிறது. நீலம் இல்லையென்றாலும் ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஒருமுறை டாய்லெட் வாசலில் நின்று காது கொடுங்கள். ஒரு சத்தமும் இல்லையா? போய்ப் படுங்கள்.